அமெரிக்காவுல வாடகைக்கு கார் எடுத்து நானே ஓட்டப் போறேன், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

#1 பொள்ளாச்சிக்காரன்

வணக்கம்ங்க. வர்ற அக்டோபர்ல நானு, வீட்டுக்காரி, 6 வயசு பொண்ணு, எங்கம்மா 4 பேரும் கலிஃபோர்னியா போறோம், மொத்தம் 12 நாள். தங்கச்சி சான் ஹோசேல இருக்கா, மொதல்ல அங்க தான் எறங்கறோம். மாப்ள கூட வர்றதா இருந்துச்சு, இப்ப லீவு கெடைக்கலைன்னுட்டாரு, அதனால நானே வண்டி எடுத்து மான்டரே, பிக் சர், லாஸ் ஏஞ்சலஸ், லாஸ் வேகாஸ், முடிஞ்சா கிராண்ட் கேன்யன்னு போலாம்னு முடிவு பண்ணிருக்கோம்.

18 வருசமா ஓட்டறேன். வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவும் மழையிலயும் பனிமூட்டத்துலயும் ஏறி எறங்கின கை. ஆனா இடது பக்க ஸ்டியரிங் புடிச்சதே இல்ல. நம்ம லைசன்ஸ் அங்க செல்லுமா, ஐடிபி (இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்) கட்டாயமா, இன்சூரன்ஸ் எது எடுக்கணும், டெபிட் கார்டு காட்டுனா வண்டி குடுப்பாங்களா? அப்பறம் வலது பக்கம் ஓட்டி பழக எத்தன நாள் ஆகும்? அம்மாவும் கொழந்தையும் கூட வர்றாங்க, அதனால தான் இவ்ளோ கேக்கறேன், தனியா போனா இவ்ளோ யோசிச்சிருக்க மாட்டேன்.

#2 ஃப்ரீமாண்ட் அக்கா

தம்பி, 11 வருஷமா இங்க இருக்கேன், ஊர்ல இருந்து வந்த சொந்தக்காரங்க நாலஞ்சு பேருக்கு வண்டி எடுத்து குடுத்த அனுபவத்துல சொல்றேன்.

கலிஃபோர்னியாவுல சுத்திப் பாக்க வந்தவங்க 18 வயசுக்கு மேல இருந்து சொந்த ஊர் லைசன்ஸ் காலாவதி ஆகாம இருந்தா அதை வச்சே ஓட்டலாம். ஐடிபிங்கறது உங்க லைசன்ஸோட மொழிபெயர்ப்பு மாதிரி தான், அது மட்டும் கையில இருந்து லைசன்ஸ் வீட்டுல இருந்தா அது செல்லாது. ஆனாலும் எடுத்துட்டு வாங்க. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுது, கவுண்டர்ல நிக்கற ஆளைப் பொறுத்தும் மாறுது. ஆர்டிஓல 1,000 ரூபா ஃபீஸ், 1 வருஷம் செல்லும், பாஸ்போர்ட், விசா காப்பி கேப்பாங்க. லைசன்ஸ் அட்டையாவே இருக்கணும், ஃபோன்ல டிஜிலாக்கர் திறந்து காட்டினா இங்க யாருக்கும் புரியாது.

இதை விட முக்கியம் பேரு. நம்ம ஆளுங்களுக்கு லைசன்ஸ்ல இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு விரிவா இருக்கும், கிரெடிட் கார்டுல வேற மாதிரி அச்சடிச்சிருப்பாங்க. மூணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. எங்க பெரியப்பாவை இதுக்காகவே முக்கால் மணி நேரம் கவுண்டர்ல நிக்க வச்சாங்க, ஐடிபில முழுப் பேரு இருந்ததால தான் கடைசில விட்டாங்க.

கார்டு கிரெடிட் கார்டா, ஓட்டறவர் பேர்லயே இருக்கணும். வாடகைக்கு மேல சில நூறு டாலரை கார்டுல தடுத்து வைப்பாங்க, ஹோல்ட்னு சொல்வாங்க, வண்டிய திருப்பிக் குடுத்த அப்புறம் விடுவிக்க நாள் ஆகும், அதனால லிமிட் தாராளமா இருக்கட்டும். டெபிட் கார்டுன்னா சில இடத்துல ரிட்டர்ன் டிக்கெட் காட்டச் சொல்வாங்க, சில இடத்துல கிடையவே கிடையாதுன்னுடுவாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல வெளிநாட்டு உபயோகத்தை ஆன் பண்ணிடுங்க, நம்ம ஊர் கார்டு எல்லாம் உள்நாட்டுக்கு மட்டும் தான் திறந்து இருக்கும்.

இன்னொண்ணு, கெஞ்சிக் கேட்டுக்கறேன், விமானத்துல இருந்து இறங்கின அன்னிக்கு ஓட்டாதீங்க. 20 மணி நேரத்துக்கு மேல பயணம், நேரம் வேற பன்னிரண்டரை மணி நேரம் தள்ளி இருக்கு, சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் கண்ணு தானா மூடும். தங்கச்சி வீட்டுல 2 நாள் தங்கிட்டு சான் ஹோசே ஊருக்குள்ள இருக்கற கிளையில வண்டி எடுங்க, ஏர்போர்ட்ல எடுத்தா அதுக்குன்னு தனியா கட்டணம் எல்லாம் ஏத்துவாங்க. ஊருக்குள்ள இருக்கறது ஞாயித்துக்கிழமை மூடி இருக்கலாம், அதை மட்டும் பாத்துக்கோங்க.

#3 சாலைப்பித்தன்

ப்ரோ பயப்பட ஒண்ணும் இல்ல, 3 தடவை போயிருக்கேன், நம்ம ஊர்ல ஓட்டினவனுக்கு அங்க ஓட்டறது ரொம்ப ஈசி. ஆட்டோமேடிக் வண்டி, லேன் ஒழுங்கு, மாடு நாய் எதுவும் குறுக்க வராது, வேகத்தை தானே ஒரே அளவுல வச்சுக்கற க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு விட்டா போயிட்டே இருக்கலாம். இன்டர்ஸ்டேட்ங்கற பெரிய நெடுஞ்சாலைங்களோட நம்பரே வழி சொல்லும், ஒற்றைப்படைன்னா வடக்கு தெற்கு, இரட்டைப்படைன்னா கிழக்கு மேற்கு. 5ம் 15ம் வடக்கு தெற்கு, நீங்க கேன்யனுக்கு போற வழியில வர்ற 40 கிழக்கு மேற்கு. போர்டுல எல்லாம் மைல் தான், 65னா நம்ம கணக்குல 105 கிலோமீட்டர்.

இன்சூரன்ஸ் மட்டும் கவுண்டர்ல அவங்க தலையில கட்டப் பாப்பாங்க, ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் ஒரு தடவையும் எடுத்தது இல்ல ஒண்ணும் ஆகல.

#4 ஃப்ரீமாண்ட் அக்கா

சாலைப்பித்தன், இன்சூரன்ஸ் விஷயத்துல நீங்க சொன்னதை யாரும் கேட்டுடக் கூடாதுன்னு தான் உடனே எழுதறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்கறது சந்தோஷம், ஆனா அது அதிர்ஷ்டம்.

இங்க ரெண்டு தனித்தனி விஷயம் இருக்கு, அதை குழப்பிக்கறாங்க. ஒண்ணு வாடகை வண்டிக்கு சேதம் ஆனா அதுக்கான பாதுகாப்பு, சிடிடபிள்யூ இல்லைன்னா எல்டிடபிள்யூன்னு போட்டிருப்பாங்க. இன்னொண்ணு நம்மளால அடுத்தவங்களுக்கு அடி பட்டா, அவங்க வண்டி நொறுங்கினா அதுக்கு குடுக்கறது, லயபிலிட்டி. முதல் விஷயத்துல அதிகபட்சம் ஒரு காரோட விலை போகும். ரெண்டாவதுல எல்லையே கிடையாது, இங்க ஆஸ்பத்திரி பில் எப்படி வரும்னு எல்லாருக்கும் தெரியும். கலிஃபோர்னியாவே ஓட்டறவங்க வச்சிருக்க வேண்டிய குறைந்தபட்ச லயபிலிட்டிய 2025 ஜனவரில இருந்து கூட்டிடுச்சு, ஒருத்தருக்கு அடி பட்டா 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 15,000. அதுக்கு முன்னாடி வெறும் 15,000, 30,000, 5,000 தான். இந்த 15,000 டாலர்ல புது கார் ஒண்ணு கூட வராது, யோசிச்சுப் பாருங்க.

இங்க குடியிருக்கறவங்களுக்கு அவங்க சொந்த கார் பாலிசியே வாடகை வண்டிக்கும் பெரும்பாலும் நீளும், அதனால அவங்க கவுண்டர்ல வேண்டாம்னு சொல்வாங்க. ஊர்ல இருந்து வர்றவங்களுக்கு அந்தப் பாலிசி எங்க இருக்கு? அவங்க சொல்றதை கேட்டு நாமும் வேண்டாம்னு சொல்லக் கூடாது.

பொள்ளாச்சி தம்பி, புக் பண்ணும்போது குடியிருக்கற நாடு இந்தியான்னு சரியா போடுங்க. பல கம்பெனில வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு தனி ரேட் இருக்கு, அதுல ரெண்டு பாதுகாப்பும் சேந்தே வரும். அமெரிக்கான்னு போட்டு விலை குறைச்சு காட்டுதேன்னு புக் பண்ணிட்டு வந்து கவுண்டர்ல ஒவ்வொண்ணா சேத்தா ரெண்டு மடங்கு ஆயிடும். சேந்து வந்துச்சுன்னா அந்த தாளை பிரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க, கவுண்டர்ல மறுபடி விக்கப் பாத்தா இதுலயே இருக்குன்னு காட்டலாம். வீட்டம்மாவும் ஓட்டுவாங்கன்னா அவங்க பேரை ஒப்பந்தத்துல சேத்துடுங்க, பேரு இல்லாதவங்க ஓட்டி எதாவது ஆச்சுன்னா எந்த இன்சூரன்ஸும் கை குடுக்காது.

#5 வைகைக்கரை மீனா

நான் சொல்றது சின்ன விஷயம், ஆனா யாராச்சும் எங்களுக்கு முன்னாடியே சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

போன வருஷம் அப்பா அம்மாவை கூட்டிட்டு போயிருந்தோம். வாடகை வண்டி, ரெண்டு லேன் கிராமத்து ரோடு, 55 மைல்ல போயிட்டு இருக்கோம், ஒரு சின்ன ஊரு வருது, அங்க வேகம் 35ன்னு போர்டு, நாங்க பாக்கல. பின்னாடி சிவப்பும் நீலமும் லைட்டு. என் வீட்டுக்காரர் ஓரங்கட்டிட்டார். அப்பா பின் சீட்ல, 70 வயசு, ரிட்டயர்டு ஆனவர். நம்மூர்ல போலீஸ் கை காட்டுனா வண்டிய ஓரமா போட்டுட்டு நாம தான பேப்பரை எடுத்துக்கிட்டு அவர்கிட்ட போவோம், அதான மரியாதை. அப்பா அதே நெனப்புல கதவைத் திறந்து இறங்கி, சட்டைப் பையில கையை விட்டுக்கிட்டே பின்னாடி நடக்க ஆரம்பிச்சுட்டார், மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் பேச சங்கடமா இருக்கும் நாம பேசிக்குவோம்னு. அந்த போலீஸ்காரர் கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு. ஒரு கை முன்னாடி நீட்டிக்கிட்டு இன்னொரு கை இடுப்புல. அம்மா அழுதுட்டாங்க. அப்பா அப்படியே நின்னுட்டார், அப்புறம் மெதுவா வந்து உக்காந்துட்டார். கை நடுங்கிட்டே இருந்துச்சு.

பிறகு அவர் ஜன்னல்கிட்ட வந்து தன்மையா தான் பேசினார், சுற்றுலா வந்தவங்கன்னு தெரிஞ்சதும் எச்சரிக்கை குடுத்து விட்டுட்டார். ஆனா அன்னைக்கு முழுக்க அப்பா பேசவே இல்ல.

அதனால கூட வர்ற பெரியவங்ககிட்ட கிளம்பும்போதே சொல்லிருங்க. பின்னாடி லைட்டு வந்தா வலது ஓரமா நிறுத்தணும், யாரும் இறங்கக் கூடாது, ஓட்டறவர் ஜன்னலை இறக்கிட்டு ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல வைக்கணும், ராத்திரின்னா உள் லைட்டை போடணும், அவர் கேட்ட பிறகு லைசன்ஸ் பையில இருக்கு எடுக்கறேன்னு சொல்லிட்டு தான் கையை அசைக்கணும். வாடகை ஒப்பந்தம் கையெட்டற இடத்துல இருக்கட்டும்.

#6 பொள்ளாச்சிக்காரன்

மீனாக்கா, படிக்கும்போதே நெஞ்சு படபடன்னுச்சுங்க. எங்கம்மாவும் அப்படித்தான் செய்வாங்க, எறங்கிப் போயி "அய்யா தெரியாம வந்துட்டோம்"னுதான் நிப்பாங்க. இன்னிக்கே சொல்லி வச்சுட்டேன்.

அக்கா, பேரு விசயம் பாத்தேன், லைசன்ஸ்ல இனிஷியல் மட்டும் தான் இருக்குது. ஐடிபிக்கு எழுதிப் போட்டாச்சு.

#7 யாழ் ரொறன்ரோ

வணக்கம் தம்பி. நான் கிழக்குப் பக்கத்துக் கதை சொல்லுறன், உங்களுக்கு இல்லாட்டியும் வேற ஆருக்காவது உதவும்.

யாழ்ப்பாணத்தில இருந்து என்ர மச்சான் போன கோடை வந்தவர், ரெண்டு பேருமா ரொறன்ரோவில கார் வாடகைக்கு எடுத்து ரெயின்போ பாலத்தால நயாகராவைக் கடந்து நியூ யோர்க் போனனாங்கள். கனடா வண்டியை அமெரிக்காவுக்குள்ள கொண்டு போறம் எண்டு எடுக்கேக்கையே சொல்லி எழுதுவிச்சுக் கொள்ளோணும். மச்சானிட்டை கொழும்பில ஓட்டோமொபைல் அசோசியேஷன் குடுத்த ஐடிபி இருந்தது, அவரும் கொஞ்சத் தூரம் ஓடினவர்.

சிவப்பு லைட்டில முழுசா நிப்பாட்டிப் பார்த்திட்டு வலப்பக்கம் திரும்பலாம் எண்டு எல்லாரும் சொல்லுவினம், அது சரிதான், ஆனா நியூ யோர்க் நகரத்துக்குள்ள போர்டு போட்டு விட்டிருந்தால் ஒழிய திரும்பக் கூடாது. வேகமும் நகரத்துக்குள்ள போர்டு இல்லாத றோட்டெல்லாம் 25 மைல் தான். மான்ஹாட்டனில 60ஆம் தெருவுக்குக் கீழ கார் கொண்டு போறதுக்கு 2025 ஜனவரி 5ஆம் தேதியில இருந்து தனிக் காசு, பகலில 9 டொலர். நாங்கள் காரை நியூ ஜேர்சிப் பக்கம் விட்டிட்டு ரயிலில போனம், அது தான் புத்தி. நியூ ஜேர்சியில பெற்றோல் நீங்கள் அடிக்கேலாது, ஆள் வந்து தான் அடிக்கும், சட்டமே அப்பிடி. மச்சான் இறங்கிப் போய் குழாயைத் தூக்கிப் போட்டார், அந்தப் பெடியன் ஓடி வந்து சிரிச்சுக் கொண்டு வாங்கினவன்.

முக்கியமா பள்ளிக்கூட பஸ். மஞ்சள் பஸ் சிவப்பு லைட்டை மின்னி பக்கத்தில ஸ்டொப் பலகையை விரிச்சால் பின்னால வாறவையும் நிக்கோணும், எதிர்ப்பக்கம் வாறவையும் நிக்கோணும். நியூ யோர்க்கில நடுவில தடுப்பு இருந்தாலும் எதிர்ப்பக்கமும் நிக்கோணும். கலிஃபோர்னியாவில ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு லேன் உள்ள பெரிய றோட்டெண்டால் எதிர்ப்பக்கம் நிக்கத் தேவையில்லை. சந்தேகமெண்டால் நில்லுங்கோ. பிள்ளையள் எங்கால ஓடி வருங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்.

#8 வாத்தியார் 67

தம்பி, என் பெண் டாலஸில் இருக்கிறாள். பாளையங்கோட்டையில் 35 வருடம் பாடம் நடத்தியவன் நான், ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் போய் வந்தோம், அங்கே 3 வாரம் வாடகை கார் ஓட்டினேன். எல்லாரும் காகிதம், பணம் பற்றி நல்லபடியா சொல்லிட்டாங்க. நான் ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

வலது பக்கம் ஓட்டுவது கஷ்டம் இல்லை, அரை நாளில் வந்துவிடும். கஷ்டமானது நிற்பது. நமக்கு நிற்கத் தெரியாது தம்பி. நாற்பது வருடம் ஓட்டியும் எனக்குத் தெரியவில்லை என்று அங்கே போய்த்தான் தெரிந்தது.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்சந்தி. சிக்னல் கிடையாது, போலீஸ் கிடையாது, நாலு பக்கமும் எட்டு மூலை சிவப்புப் பலகை, ஸ்டாப் என்று. முதல் நாள் அங்கே போனதும் நம் பழக்கப்படி வேகத்தைக் குறைத்து, மூக்கை நீட்டி, எட்டிப் பார்த்து நகர்ந்தேன். மூன்று பக்கமும் வந்த வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு "அப்பா, அவங்க உங்களுக்கு முன்னாடி வந்தவங்க" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் நடைக்குப் போன நான் அந்த முக்கில் நடைபாதைத் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். கோட்டுக்கு முன்னால் சக்கரம் முழுசாக நிற்கிறது. நின்றதும் வண்டி லேசாகப் பின்னால் ஒரு ஆட்டம் ஆடும், அதுதான் நின்றதற்கு அடையாளம். யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போகிறார், அடுத்து வந்தவர் அடுத்து. ரெண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் வலது கைப்பக்கம் இருப்பவருக்கு வழி. சைக்கிளில் ஒரு சின்னப் பையன் வந்தான், அவனும் கால் ஊன்றி நின்றான், லாரிக்காரர் அவனுடைய முறைக்காகக் காத்திருந்தார். ரேஷன் கடை வரிசை மாதிரி, ஆனால் யாரும் வரிசையை எண்ணிச் சொல்ல நிற்கவில்லை, அவரவர் மனதில் எண்ணிக்கொள்கிறார்கள்.

மறுநாளில் இருந்து எனக்குப் பயம் போய்விட்டது. நீங்களும் வண்டி எடுப்பதற்கு முன்னால் தங்கச்சி வீட்டுப் பக்கம் இப்படி ஒரு முக்கில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

இன்னும் ஒன்று. எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை மின்னினால் நம் ஊரில் "நான் வர்றேன், நீ நில்லு" என்று அர்த்தம். அங்கே பல நேரம் "நீங்க போங்க" என்று அர்த்தம். ரெண்டும் நேர் எதிர். ஹாரனும் அப்படித்தான், அங்கே ஹாரன் அடித்தால் திட்டுவது மாதிரி. 3 வாரத்தில் நான் ஹாரனைத் தொடவே இல்லை.

#9 சாலைப்பித்தன்

வாத்தியார் ஐயா சொன்னது உண்மை, நானும் ஒத்துக்கறேன். அக்கா சொன்ன இன்சூரன்ஸ் கணக்கையும் உக்காந்து படிச்சேன், அடுத்த தடவை எடுத்துடறேன், அந்த லயபிலிட்டி விஷயம் எனக்கு தனியா தெரியாது, ரெண்டும் ஒண்ணுன்னு தான் நெனச்சுட்டு இருந்தேன்.

ப்ரோ உங்க ரூட்டுக்கு சில விஷயம். ஃப்ரீவேல (சிக்னல் இல்லாத நெடுஞ்சாலை) ஏறுற சரிவுப் பாதைல நம்ம ஆளுங்க பண்ற தப்பு, முனை வரைக்கும் மெதுவா போயி அங்க நின்னு பாக்கறது. அது ரொம்ப ஆபத்து, பின்னாடி வர்றவன் 60ல வருவான். அந்த சரிவுலயே வேகம் ஏத்தி மெயின் லேன் வேகத்துக்கு வந்து, தோளுக்கு மேல திரும்பிப் பாத்து சேரணும். கண்ணாடில மட்டும் பாத்தா பக்கத்து லேன்ல இருக்கற வண்டி மறைஞ்சுடும். சில சரிவுல சின்ன சிக்னல் இருக்கும், ஒரு பச்சைக்கு ஒரு வண்டி, அங்க மட்டும் நிக்கணும்.

வைரக்கட்டம் வரைஞ்ச இடது லேன் கார்பூல், அதாவது பல பேரு சேந்து போற வண்டிக்கு, நீங்க 4 பேரு தாராளமா போகலாம், ஆனா ரெட்டைக் கோட்டை தாண்டி உள்ள வெளிய போகக் கூடாது, விட்ட இடைவெளில தான். எக்ஸ்பிரஸ் லேன்னு விலை மின்னிட்டு இருந்தா உள்ள போகாதீங்க, அதுக்கு ஃபாஸ்ட்ராக் (நம்ம ஃபாஸ்டேக் மாதிரி) வேணும், கார்பூலா இருந்தாலும் வேணும். கோல்டன் கேட் பாலத்துல 2013ல இருந்து காசு வாங்கற ஆளே கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டை படம் புடிக்கும், தெற்க பாத்து சிட்டிக்குள்ள வரும்போது மட்டும் தான் டோல். அந்த டோலை வாடகை கம்பெனி மூலமா கட்டினா டோலுக்கு மேல அவங்க சர்வீஸ் சார்ஜும் சேரும், எடுக்கும்போதே எவ்வளவுன்னு கேட்டுக்கோங்க.

பெட்ரோல் அங்க கேஸ்னு சொல்வாங்க. பம்ப்ல கார்டு போட்டா ஜிப் கோட் கேக்கும், நம்ம பின்கோடு எடுக்காது. உள்ள கடைக்கு போயி "பம்ப் 4, 40 டாலர்"னு சொல்லி கட்டிட்டு வந்து அடிங்க, மிச்சம் இருந்தா திருப்பி குடுத்துடுவாங்க. பெட்ரோல் தரத்துல 87ன்னு போட்டதை அடிச்சா போதும். பச்சைக் கைப்பிடி பெரும்பாலும் டீசல், ஆனா கலரை நம்பாம எழுத்தை படிங்க.

#10 ஃப்ரீமாண்ட் அக்கா

குழந்தைக்கு 6 வயசுன்னா கலிஃபோர்னியாவுல பின் சீட்ல பூஸ்டர் (உயரம் கூட்டற குழந்தை இருக்கை) இல்லாம உக்கார வைக்க முடியாது, 8 வயசு ஆகணும் இல்லைன்னா 4 அடி 9 அங்குலம் உயரம் இருக்கணும். கம்பெனில நாள் வாடகைக்கு எடுக்காதீங்க, அத்தனை நாள் வாடகைல புதுசே வாங்கலாம். தங்கச்சிகிட்ட சொல்லி அக்கம்பக்கத்துல ஒண்ணு கேட்டு வாங்கி வைங்க.

சான் ஃபிரான்சிஸ்கோவுல வண்டிய நிறுத்தும்போது உள்ள ஒரு பொருள் கூட கண்ணுக்குத் தெரியக் கூடாது. காலி பை இருந்தாலும் கண்ணாடிய உடைக்கறாங்க. பெட்டியோட ஊர் சுத்தாதீங்க. மேட்டுல நிறுத்தினா சக்கரத்தை திருப்பி வைக்கணும், இறக்கம்னா நடைபாதை பக்கம், ஏத்தம்னா ரோட்டுப் பக்கம், இல்லைன்னா அதுக்கே டிக்கெட். சிவப்பு வர்ணம் அடிச்ச ஓரத்துலயும் தீயணைப்புக் குழாய் பக்கத்துலயும் நிறுத்தவே கூடாது.

பிக் சர் ரோடு மண்சரிவுல அடிக்கடி மூடிடும், கிளம்பற அன்னிக்கு காலைல கால்டிரான்ஸ் (மாநில நெடுஞ்சாலைத் துறை) தளத்துல பாருங்க. அங்க ஃபோன் சிக்னல் கிடையாது, மேப்பை முன்னாடியே இறக்கி வச்சுக்கோங்க. ரசிச்சுட்டு மெதுவா போறது தப்பில்ல, ஆனா பின்னாடி 5 வண்டி சேந்துட்டா ஓரத்துல ஒதுங்கற இடத்துல ஒதுங்கி வழி விடணும், அது சட்டம். வேகாஸுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பாதீங்க, லாஸ் ஏஞ்சலஸே அந்த ரோட்டுல தான் இருக்கும். பாலைவனத்துல தண்ணி நிறைய வச்சுக்கோங்க, டேங்க் பாதி ஆகும்போதே நிரப்புங்க.

#11 பொள்ளாச்சிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம்ங்க, போயிட்டு நல்லபடியா வந்து சேந்தோம். 4 நாளா எழுதணும் எழுதணும்னு இருந்தேன்.

அக்கா சொன்னபடி 2 நாள் தங்கச்சி வீட்டுல தூங்கி எந்திரிச்சு மூணாவது நாள் தான் வண்டி எடுத்தோம். வாத்தியார் ஐயா, சத்தியமா சொல்றனுங்க, ரெண்டாவது நாள் சாயங்காலம் நானும் அம்மாவும் தெருமுக்குல போயி ஒக்காந்தோம். அம்மாவுக்கு வண்டி பத்தி ஒண்ணும் தெரியாது, பத்து நிமிசத்துல "அடேய், வந்த வரிசைப்படி போறாங்கடா"ன்னு அவங்களே கண்டுபுடிச்சுட்டாங்க.

வண்டி எடுக்கும்போது சுத்தி வீடியோ எடுத்துட்டேன், சக்கரத்து ரிம்ல பழைய கீறல் ஒண்ணு இருந்துச்சு, அதை அவங்க தாள்ல எழுத வச்சேன். அதுவே காப்பாத்துச்சு. திருப்பிக் குடுக்கும்போது அந்தக் கீறலுக்கு காசு கேட்டாங்க, தாளை காட்டினதும் விட்டுட்டாங்க. இன்சூரன்ஸ் எல்லாம் சேந்த ரேட்டு தான் போட்டிருந்தேன்.

மொதல் அரை மணி நேரம் இன்டிகேட்டர் போடறப்ப எல்லாம் வைப்பர் ஓடுச்சு, கை மாறி இருக்குதுல்ல. அதை விட பயமா இருந்தது வண்டி தானா வலது பக்கமே ஒதுங்கிட்டு போறது. நமக்கு ஒடம்புல ஒரு கணக்கு இருக்குது, நாம உக்காந்திருக்கற இடத்துக்கு இடது பக்கம் தான் வண்டியோட அகலம்னு, அங்க அது வலது பக்கம். வீட்டுக்காரி ரெண்டு தடவ "ஓரம் ஓரம்"னு கத்துனா. மாப்ள ஒரு வழி சொல்லிக் குடுத்தாரு, ஓட்டறவன் ஒடம்பு எப்பவும் நடுக்கோட்டு பக்கம் இருக்கணும், மஞ்சக்கோடு இடது கைப்பக்கம் இருந்தா நீ சரியான எடத்துல இருக்கறன்னு. அதை அம்மா புடிச்சுக்கிட்டாங்க. ஒவ்வொரு திருப்பத்துலயும், பெட்ரோல் பங்க்ல இருந்து வெளிய வரும்போதும், "மஞ்சக்கோடு ஒங்கைப் பக்கம் இருக்குதாடா?"ம்பாங்க. வண்டி ஓட்டுன அத்தன நாளும் ஒரு திருப்பம் விடாம கேட்டாங்க. மான்டரேல காலைல 6 மணிக்கு ஓட்டல விட்டு வெளிய வரும்போது ரோட்டுல ஒரு வண்டி இல்ல, நான் பாட்டுக்கு இடது பக்கம் திருப்பி இடது பக்க லேன்லயே ஏறிட்டேன். அம்மா கேட்டாங்க. கோடு வலது பக்கம் இருந்துச்சு. உடனே மாத்திட்டேன், ஒண்ணும் ஆகல, ஆனா கொஞ்ச தூரம் போனதும் ஓரமா நிறுத்திட்டு தண்ணி குடிச்சேன். கூட்டமா இருக்கற ரோட்டுல முன்னாடி போறவனைப் பாத்து போயிடலாம், ஆளில்லாத ரோட்டுல தான் பழைய பழக்கம் வருது. மொதல் தடவ போறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க.

கிராண்ட் கேன்யன்ல சூரியன் மறையறத பாத்துட்டு திரும்பும்போது இருட்டிடுச்சு, காட்டு ரோடு, மாடு அளவுக்கு எல்க் மான் ரெண்டு நடு ரோட்டுல நின்னுச்சு. வால்பாறைல யானைக்கு நிறுத்தற மாதிரியே லைட்டை தணிச்சுட்டு நின்னேன், அதுங்களா போனதும் எடுத்தேன். அந்த ஒரு எடத்துல மட்டும் நம்ம ஊருப் பழக்கம் கை குடுத்துச்சு.

நேத்து டோல் பில் வந்துச்சு, பாலத்துக்கு ஒரு தடவ போனதுக்கு டோலும் மேல சர்வீஸ் சார்ஜும் போட்டிருக்காங்க. கேட்டு வச்சிருந்ததால அதிர்ச்சி இல்ல.

#12 வாத்தியார் 67

தம்பி, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

#13 காரைக்குடி ஆச்சி மகன்

இழை முழுசும் படிச்சேன், ரொம்ப நன்றி. நாங்க டிசம்பர் கடைசில போறோம், யோசமிட்டி பனியில பாக்கணும்னு பிள்ளைங்க ஆசைப்படுறாங்க. வாடகை கார்ல போலாமா?

#14 ஃப்ரீமாண்ட் அக்கா

போகலாம், ஆனா யோசிச்சு. டையோகா பாஸ்ங்கற மலைக் கணவாய் ரோடு குளிர்காலம் முழுக்க மூடியே இருக்கும், அதனால வேகாஸ் பக்கம் இருந்து மலையைத் தாண்டி வரலாம்னு மேப்ல பாத்து ஏமாந்துடாதீங்க. மேற்குப் பக்கம் இருந்து வர்ற ரோடுங்கள்ல 140ஆம் நம்பர் ரோடு கொஞ்சம் தாழ்வா போகும், பனி குறைவு. ஆனா பனி விழுந்தா எந்த ரோட்டுலயும் சக்கரத்துக்கு செயின் வேணும்னு போர்டு வச்சுடுவாங்க, கையில செயின் இல்லாம உள்ளயே விட மாட்டாங்க. பல வாடகை கம்பெனி ஒப்பந்தத்துல செயின் மாட்டக் கூடாதுன்னே இருக்கும், மாட்டி எதாவது ஆச்சுன்னா செலவு உங்க தலையில. பனியில இது வரைக்கும் ஓட்டாதவங்க அந்த மலைல ஆரம்பிக்க வேண்டாம். மெர்சட்ல ரூம் போட்டு வண்டிய அங்கயே விட்டுட்டு யோசமிட்டிக்கு போற யார்ட்ஸ் பஸ்ல போயிட்டு வாங்க, பிள்ளைங்களோட நீங்களும் ஜன்னல் பக்கம் உக்காந்து பாக்கலாம்.